ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைக்கும் காலம்: முடக்குவாதம் உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 11 ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு வாழ்ந்து வருகிறேன். மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் இந்த நோயைச் சரவாங்கி என்றும், ஆங்கிலத்தில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றும் சொல்வார்கள். நாளொன்றுக்கு 20 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் தொடங்கி, அதை முழுவதும் நிறுத்த எனக்கு 16 மாதங்கள் ஆயின. மூட்டு மருத்துவரைப் பார்க்கக் கோயம்புத்தூர் போகும் நாட்களில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. கீழே வரும் அளவுகள் பொதுவாக நடைமுறையில் உள்ளவை. உங்களுக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டீராய்டும் ஒரு வலி மாத்திரைதானே? வலி நின்றதும் நாமே நிறுத்திவிட்டால் என்ன?

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை இன்று நிறுத்தினால் நாளை வலி திரும்பக்கூடும், அவ்வளவுதான். ஸ்டீராய்டு அந்த வகையைச் சேர்ந்தது அன்று. நம் இரண்டு சிறுநீரகங்களின் தலைமாட்டிலும் அட்ரீனல் என்ற சிறு சுரப்பி ஒவ்வொன்று இருக்கிறது. மூளையின் கட்டளைப்படி அது நாள்தோறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரத்த அழுத்தம் விழாமல் இருப்பதற்கும், பட்டினியையும் காய்ச்சலையும் உடம்பு தாங்குவதற்கும் அதுவே துணை. பிரெட்னிசோலோன் அதே ஹார்மோனின் வேலையைச் செய்யும் மருந்து என்பதால், வெளியிலிருந்து போதுமான அளவு வந்துகொண்டிருக்கும் வரை மூளை தன் கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது. சுரப்பியும் வேலையின்றிச் சுருங்கிப்போகிறது.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கிணற்று மோட்டாரை யாரும் போடுவதில்லை. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த மோட்டார், வாய்க்கால் அடைத்த அன்றைக்கே தண்ணீரை எடுத்துவிடாது. குழாயில் தண்ணீர் நிரப்பி, விட்டு விட்டுப் போட்டுப் பார்த்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். அட்ரீனல் சுரப்பியும் அப்படித்தான். ஏறத்தாழ 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்கு மேல் மூன்று நான்கு வாரங்களுக்கும் கூடுதலாக எடுத்தவர்கள், தங்கள் சுரப்பி உறங்கிக்கொண்டிருக்கிறது என்றே எண்ணி நடந்துகொள்வது நல்லது. ஓரிரு வாரம் மட்டும் எடுத்தவர்களுக்குப் பொதுவாக இந்தச் சிக்கல் வருவதில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாத்தனார் மகள் திருமணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கண்ணாடியில் என் முகம் எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு உருண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, 15 மி.கி. மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் விட்டுவிட்டேன். நான்காம் நாள் காலையில் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் குனிந்து எழுந்தபோது கண் இருட்டியது. பிறகு வாந்தி நிற்கவே இல்லை. மருத்துவமனைக்குத் தூக்கிப் போனபோது இரத்த அழுத்தம் 80/50. பணியிலிருந்த மருத்துவர் என் கணவரிடம் முதலில் கேட்ட கேள்வி, “என்ன மாத்திரை சாப்பிடறாங்க, எதையாவது நிறுத்துனாங்களா?” என்பதுதான். அந்தக் கேள்வியை அவர் கேட்டதால்தான் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே போடப்பட்டது. சற்று நேரத்திலேயே எழுந்து உட்கார முடிந்தது.

எனக்குக் கொடுத்திருப்பது ஸ்டீராய்டா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அட்டையில் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெஃப்லாசகார்ட், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் ஆகிய எல்லாமே ஸ்டீராய்டுகள். வைசோலோன், ஓம்னாகார்ட்டில் என்பவை பிரெட்னிசோலோனின் வணிகப் பெயர்கள்; மெட்ரால் என்பது மெத்தில்பிரெட்னிசோலோன். மில்லிகிராம் எண்ணை மட்டும் பார்த்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுவிடக் கூடாது. 5 மி.கி. பிரெட்னிசோலோன் செய்யும் வேலையை மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி.யிலும், டெஃப்லாசகார்ட் 6 மி.கி.யிலும், டெக்ஸாமெத்தசோன் முக்கால் மில்லிகிராமிலும் செய்துவிடும். “அரை மில்லிகிராம்தானே” என்று டெக்ஸாமெத்தசோனை அலட்சியமாக எண்ணுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அட்டையே இல்லாத மருந்துதான். காகித உறையில் இரண்டு மூன்று நிறங்களில் உதிரி மாத்திரைகளாகவோ, பெயரே இல்லாத டப்பாவில் “மூலிகைப் பொடி” என்றோ வாங்கி, “ரெண்டு நாள்ல நடக்க வெச்சுட்டாருங்க” என்று வியந்து சொல்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். முடக்குவாதத்தில் இரண்டு நாளில் அப்படி ஒரு மாற்றம் வந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று ஐயப்பட வேண்டும். முறையாகப் படித்த சித்த மருத்துவரையோ அவர் எழுதித் தரும் மருந்தையோ நான் இங்கே குறை சொல்லவில்லை. என்ன இருக்கிறது என்று சொல்லப்படாத பொருளைத்தான் சொல்கிறேன். அதை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டு வந்தவர் திடீரென நிறுத்தினால் எனக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரும். ஆகவே வெட்கப்படாமல் அந்தப் பொடியை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் சொல்லும்படி நிறுத்துங்கள்.

ஸ்டீராய்டைக் கொடுத்ததும் மருத்துவர்தான், குறைக்கச் சொல்வதும் அவர்தான். இது என்ன முரண்?

முரண் ஏதுமில்லை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் இருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவரின் குழு கார்ட்டிசோனை முதன்முதலாகச் செலுத்தியது. சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் கூடுதல் அளவில் நெடுநாள் எடுத்தவர்களுக்கு என்னென்ன கேடு வருகிறது என்பதும் அடுத்த சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. எலும்பு மெலிதல், சர்க்கரை, இரத்த அழுத்தம், கண்புரை, கண் அழுத்தம், எளிதில் தொற்றும் நோய்கள், தொட்டாலே கன்றிப்போகும் மெல்லிய தோல், அரிதாக இடுப்பு மூட்டின் எலும்பு இரத்த ஓட்டமின்றிச் சிதைவது என்று அந்தப் பட்டியல் நீளும்.

முடக்குவாதத்தை அடியிலிருந்து கட்டுப்படுத்துபவை மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், லெஃப்லூனமைடு போன்ற மருந்துகள். அவை வேலை செய்யத் தொடங்கவே ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்கள் பிடிக்கும். அதுவரை மூட்டுகள் அழிந்துவிடாமலும் ஆள் படுத்துவிடாமலும் காப்பதற்காகவே ஸ்டீராய்டு தரப்படுகிறது. கூடுமானவரை மூன்று மாதங்களுக்குள் அதை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் இன்றைய ஐரோப்பிய வழிகாட்டுதல். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை, எனக்கும் வாய்க்கவில்லை.

ஆகையால் ஸ்டீராய்டைக் குறைக்கத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, அடிப்படை மருந்து பிடித்துக்கொண்டதா என்பதே. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து. ஸ்டீராய்டு மாத்திரையோடு சேர்த்து அதையும் தினமும் விழுங்கி உயிருக்கே ஆபத்தாகிப் போனவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

எவ்வளவு வேகத்தில் குறைப்பார்கள்?

மேல் அளவில் வேகமாகவும் கீழே வர வர மெதுவாகவும் குறைப்பதே வழக்கம். 20 மி.கி.க்கு மேல் இருப்பவர்களுக்கு வாரத்துக்கு 5 மி.கி. வரைகூடக் குறைப்பார்கள். 20-க்குக் கீழே ஒன்று முதல் இரண்டரை மில்லிகிராம் வரையிலான படிகள். 10-க்குக் கீழே பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் அளவிலான படி, ஒவ்வொரு படியிலும் ஒன்று முதல் நான்கு வாரம் வரை நிற்பது. கடைசி 5 மி.கி.தான் எல்லோருக்கும் கடினம், ஏனென்றால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய அளவே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்குக் கீழே போகும்போதுதான் உறங்கிய சுரப்பி உண்மையிலேயே வேலைக்கு வர வேண்டியிருக்கிறது. 20-லிருந்து 5-க்கு இறங்க எனக்கு ஆன நாட்களைவிட 5-லிருந்து நிறுத்த ஆன நாட்கள் அதிகம்.

சிறிய படிகளில் இறங்க மாத்திரையை உடைக்க வேண்டி வரும். தொடக்கத்தில் நான் வெங்காயம் நறுக்கும் கத்தியைத்தான் வைத்தேன். ஒரு துண்டு அடுப்பு மேடைக்குப் பறக்கும், மற்றொன்று பொடியாகிவிடும், அன்றைக்கு எவ்வளவு உள்ளே போயிற்று என்பதே தெரியாது. மருந்துக் கடையில் மாத்திரை வெட்டும் சிறு பெட்டி கிடைக்கிறது. நடுக்கோட்டில் வைத்து மூடியை அழுத்தினால் போதும், விரல் மடங்காதவர்களாலும் உள்ளங்கையால் அழுத்த முடியும். 2.5 மி.கி. மாத்திரையைக் கேட்டு வாங்கினால் வெட்டும் வேலையே பாதி குறையும். வெளிப்பூச்சு பூசி மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை மட்டும் வெட்டக் கூடாது, மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினசரி காலண்டரின் தாள்களில் வரப்போகும் நான்கு வாரத்துக்கான அளவை முன்கூட்டியே எழுதி வைப்பது என் பழக்கம். காலையில் தாளைக் கிழிக்கும்போது அன்றைய எண் கண்ணில் படும்; மாத்திரையைப் போட்ட பிறகுதான் கிழிப்பேன் என்று வைத்துக்கொண்டதால், போட்டேனா இல்லையா என்ற குழப்பமும் வந்ததில்லை.

குறைத்தவுடன் வலி வந்துவிடுகிறது. நோய் திரும்பிவிட்டதா?

அதிகம் பேர் கேட்பதும், அதிகம் பேர் தவறிப்போவதும் இந்த இடத்தில்தான். வலி வந்ததும் அஞ்சிப் பழைய அளவுக்குத் தாமாகவே ஏறிவிடுகிறார்கள். அடுத்த மாதம் இறங்குகிறார்கள், மீண்டும் ஏறுகிறார்கள். இப்படியே ஐந்தாறு ஆண்டுகள் போய்விடுகின்றன.

குறைக்கும்போது வரும் வலிக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மூட்டுகளில் அழற்சி மீண்டும் தலைதூக்குவது. மற்றொன்று, கூடுதல் ஸ்டீராய்டுக்குப் பழகிய உடம்பு அது குறைவதை உணர்வது. இந்த இரண்டாவது வகையில் சளிக் காய்ச்சலுக்கு முன் வருவதுபோல் உடம்பு முழுவதும் அடித்துப்போட்டாற்போல் இருக்கும். தொடையும் கெண்டைக்காலும் கனக்கும். பசி குறையும், உறக்கம் கெடும், காரணமின்றி அழுகை வரும். ஆனால் மூட்டு வீங்காது. அளவு பெரிதாக மாறாமல் இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தணிந்துவிடும். நோய் திரும்பும்போதோ குறிப்பிட்ட மூட்டுகள் வீங்கிச் சூடாகும், காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீளும், நாட்கள் போகப் போகக் கூடும். உடம்பில் உள்ள அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் என்ற இரத்தப் பரிசோதனைகளின் எண்களும் பொதுவாக உயரும்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் இரண்டே குறிப்புகளை எழுதினேன். முதலாவது, கோலப்பொடியை விரலிடுக்கில் கிள்ளி இழை அறுபடாமல் இழுக்க முடிந்த நேரம். எழுந்தது ஐந்தரை, கோலம் போட முடிந்தது ஐந்தே முக்கால் என்றால் விறைப்பு 15 நிமிடம். இரண்டாவது, கையை மூடி முட்டியாக்கினால் விரல்கள் தொடங்கும் கணுக்களுக்கு நடுவே பள்ளம் தெரிகிறதா என்பது. வீக்கம் இருந்தால் அந்தப் பள்ளங்கள் நிரம்பி, புறங்கை ஒரே மேடாகிவிடும். 7.5 மி.கி.யில் இருந்தபோது மார்கழிக் குளிரில் உடம்பெல்லாம் வலித்தது; நோட்டைப் புரட்டினால் பள்ளம் தெரிகிறது, விறைப்பு 20 நிமிடத்தைத் தாண்டவில்லை. மருத்துவர் அதே அளவிலேயே கூடுதலாக மூன்று வாரம் நிற்கச் சொன்னார், அடங்கிவிட்டது. ஆனால் 4 மி.கி.க்கு வந்தபோது வலது கைப் பள்ளங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன, கோலம் ஏழு மணிக்குத் தள்ளிப்போயிற்று. அது நோய்தான். அப்போது ஸ்டீராய்டைச் சற்றே உயர்த்திய மருத்துவர், அதோடு மெத்தோட்ரெக்சேட்டின் அளவையும் கூட்டினார். அந்த இரண்டாவது மாற்றம்தான் என்னைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது என்று நம்புகிறேன்.

எவ்வளவு வலித்தாலும் அளவை நீங்களே மாற்றாமல், நோட்டோடு போய் மருத்துவரைப் பாருங்கள். “வலிக்குதுங்க” என்ற ஒரு சொல்லைவிட இரண்டு வாரக் குறிப்பு அவருக்கு எவ்வளவோ பயன்படும்.

காய்ச்சலோ வாந்தியோ வந்தால் என்ன செய்வது?

உடம்புக்குச் சோதனை வரும்போது நல்ல சுரப்பி கார்ட்டிசாலைப் பல மடங்கு கூட்டிச் சுரக்கும். உறங்கும் சுரப்பியால் அது முடியாது. எனவே கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, விபத்து, பல் பிடுங்குதல் போன்ற நேரங்களில் அளவைத் தற்காலிகமாக உயர்த்த வேண்டியிருக்கலாம். எந்தச் சூழலில் எவ்வளவு என்பதை நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். மாத்திரை வயிற்றில் தங்காத அளவுக்கு வாந்தியோ பேதியோ இருந்தால், கடும் சோர்வு, தலைசுற்றல், வயிற்று வலி, பேச்சுக் குழறல், மயக்கம் தோன்றினால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். போய்ச் சேர்ந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: “இவர் ஸ்டீராய்டு எடுப்பவர்.” சோர்வுக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புவது இதற்குப் போதாது.

பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் (தீ) மிதிக்க விரதம் இருக்கலாமா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா?

வேண்டுதலை நான் தடுக்க மாட்டேன், நானும் வேண்டிக்கொண்டவள்தான். ஆனால் விரதத்தைக் காரணம் காட்டி மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது, வெறும் வயிற்றில் போடவும் கூடாது. வயிற்றுப் புண் வரக்கூடும், அதிலும் வலி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் எளிதாக வரும். காலையில் எதையாவது உண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்ட பின் ஒரு வேளை உணவைத் தவிர்ப்பதானால், மருத்துவரைக் கேட்டு அப்படிச் செய்யலாம். அளவைக் குறைத்த முதல் இரண்டு வாரங்களில் பாதயாத்திரை வைத்துக்கொள்ள வேண்டாம். நடப்பவர்கள் மாத்திரையைப் பின்னால் வரும் வண்டியில் போட்டுவிடாமல் தோள்பையிலேயே வைத்திருக்க வேண்டும். தீர்த்தக் குடம் தூக்குவதை உறவினர் யாரிடமாவது விட்டுவிடலாம்.

சாப்பாட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

எலும்பின் இழப்பு முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் மிக வேகமாக நடக்கிறது என்பதால், கால்சியமும் வைட்டமின் டியும் முதலிலிருந்தே தேவை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. கால்சியம் இருக்கிறது, நம் வீட்டு ராகிக் களியும் மோரும் கீரையும் இதற்கு நல்ல துணை. மருத்துவர் எழுதிய மாத்திரைக்கு அவை மாற்று ஆகிவிடாது. உப்பைக் குறைத்தால் கால் வீக்கமும் அழுத்தமும் குறையும்.

சர்க்கரையைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: காலையில் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனை சரியாகவே இருந்து, பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரை ஏறியிருக்கக்கூடும். மதிய உணவுக்குப் பின்னும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

முகம் பழையபடி ஆகுமா?

ஆகும். அளவு குறையக் குறைய வடியும், ஆனால் மாதங்கள் பிடிக்கும்.

எவ்வளவு முயன்றும் முழுவதும் நிறுத்த முடியவில்லை. என் மேல் தவறா?

இல்லவே இல்லை. சிலருக்கு 5 மி.கி.யிலோ அதற்கும் கீழேயோ நின்றுவிட வேண்டியிருக்கிறது. அப்படி நின்றவர்களும், 20-ல் இருந்தபோது பட்டதைவிட எவ்வளவோ குறைந்த கேட்டோடு வாழ்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு வந்ததும் வீக்கம் திரும்புகிறதென்றால், அடிப்படை மருந்து போதவில்லை என்று பொருள். அதை மாற்றுவது, மற்றொன்றைச் சேர்ப்பது, உயிரியல் மருந்து ஊசிக்குப் போவது பற்றி மருத்துவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். வலி மாறாமல் இடுப்புக் கவட்டையில் மட்டும் இருந்து, நடக்கும்போது காலை இழுத்தால், அது குறைப்பதால் வரும் வலியாக இல்லாமல் இடுப்பு எலும்புச் சிதைவாகவும் இருக்கலாம். தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஒரு தங்கை, எட்டு மணி நேர ஷிஃப்டுக்குக் கை ஓட வேண்டும் என்பதற்காகவே 10 மி.கி.யிலிருந்து இறங்க அஞ்சுவதாக என்னிடம் சொன்னாள். அவளுடைய அச்சம் நியாயமானது. வேலை நெருக்கடி குறைந்த மாதத்தில் படி இறங்கத் திட்டமிடும்படி மருத்துவரிடம் கேட்கலாம். அவர்களுக்கு நம் பிழைப்பு தெரிந்தால்தானே அதற்கேற்பச் செய்ய முடியும்?

நிறுத்திய பிறகு எல்லாம் முடிந்ததா?

சுரப்பி முழுவதும் விழித்துக்கொள்ள ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். குறைந்த அளவுக்கு வந்ததும் சில மருத்துவர்கள் காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில், அன்றைய மாத்திரையைப் போடும் முன் இரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் அளவைப் பார்ப்பார்கள். பொதுவாக அது ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி தேறிவிட்டது. 5-க்குக் கீழே இருந்தால் மாத்திரை தொடர வேண்டும். இடையில் இருந்தால் சில வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

நிறுத்திய பின்னும் ஓராண்டுக்காவது, என்ன மருந்தை எவ்வளவு காலம் எடுத்தீர்கள், எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்று எழுதிய அட்டை ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். என்னுடையதைப் பேரன் பழைய திருமண அழைப்பிதழின் கெட்டித் தாளில் வெட்டி, சிவப்பு மையில் எழுதி, மேலே செலோடேப் ஒட்டிக் கொடுத்தான். மணிபர்ஸில் ஆதார் அட்டைக்கு முன்னால் வைத்திருக்கிறேன், திறந்ததும் அதுதான் தெரியும்.